அளந்துவிட்டு ஆற்றில்

ஜூன் மாதம். ஆனாலும் டுலூத்தில்
ஏரிக்காற்றுக்குக் காலண்டர் தெரியாது.
கைகளை ஊதிக்கொண்டு நிற்கிறோம்.
அங்கே, முதல் பேஸில்,
ரெய்னோ கோஸ்கி
ஷூ முனையால் மண்ணைச் சமன் செய்துகொண்டிருக்கிறான்,
அடுத்த வாரமும் அந்த இடம் தனக்குத்தான் என்பதுபோல.

இருநூற்று ஆறு முறை மட்டையோடு போனான்.
முப்பத்தைந்து முறைதான் பந்து அவன் சொல்லைக் கேட்டது.
கடைசி இருபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை.
மூன்றாம் ஸ்ட்ரைக்குக்குப் பிறகு
மட்டையை உடைப்பதில்லை, யாரையும் திட்டுவதில்லை.
கடையில் மீதிச் சில்லறையை மறந்து வந்தவன்போல
ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பான்.
கூட்டத்துக்குப் பிடிக்காதது அதுதான் என்று நினைக்கிறேன்.

ரொட்டி வேன் ஓட்டும் ஒருவர்
மூன்றாவது வரிசையிலிருந்து தினமும் கத்துவார்:
"கோஸ்கி, உங்கம்மாவை அனுப்பு, அவங்க அடிப்பாங்க!"
அம்மா இரண்டு வரிசை பின்னால்தான் இருக்கிறார்,
சூரியகாந்தி விதை கொறித்தபடி.
ஒருநாள் அவருக்கும் ஒரு கை கொடுத்தார்.
வாங்கிக்கொண்டார்.
அடுத்த ஆட்டத்திலும் கத்தினார்.

மேனேஜர் ப்ரூக்னர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.
மேசை முழுக்கத் தாள்கள்.
அயோவாவில் ஒரு பையன் இருக்கிறானாம்,
இருபத்தொரு வயது,
அடித்தால் பார்க்கிங்கில் கார்க் கண்ணாடி உடையுமாம்.
"நீ சொல்லு. இன்னும் பொறுக்கணுமா?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவர்கள் அளந்து முடித்துவிட்டார்கள்.
இனி ஆறுதான் பாக்கி.

நான் சொல்லியிருக்க வேண்டியது:
இந்த வருடம் என் பெயரில் ஒன்பது பிழைகள்.
நியாயமாக முப்பது இருக்க வேண்டும்.
ஷார்ட்ஸ்டாப் நான். அவசரத்தில் எறிவேன்,
தோள் முந்தும், விரல் பிந்தும்,
பந்து இரண்டடி முன்னால் மண்ணைக் கடிக்கும்.
கோஸ்கி ஒரு காலைப் பேஸில் ஊன்றி
மறு காலைக் கயிறுபோல் நீட்டி
புழுதிக்குள் கையுறையை விட்டு
கொதிக்கும் பானையிலிருந்து முட்டை எடுப்பதுபோல் எடுப்பான்.
எடுத்துவிட்டு என்னைப் பார்க்கவே மாட்டான்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் சொன்னது:
"நல்லவன், சார்."

நல்லவன்.
சீட்டுக் கிழியப்போகிறவனைப் பற்றி
எல்லோரும் சொல்கிற அதே சொல்.

இரவு தூக்கமில்லை. காலையில் திரும்பப் போனேன்.
முப்பது கணக்கைச் சொன்னேன்.
ப்ரூக்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
"அவனுக்காகப் பேசுறியா, உனக்காகவா?"
வாயில் வந்த பதில் எதுவும் முழுதாக இல்லை.
"ரெண்டும்" என்றேன்.
"சரி. இன்னைக்கு நான் பார்க்கிறேன்.
அவன் கையை மட்டும்."

அதனால் இன்று
ப்ரூக்னர் பெஞ்சின் ஓரத்தில், மடியில் தாள்.
இன்று பார்த்து என் எறிதல்கள் எல்லாம்
ஆணி அடித்ததுபோல் நேராகப் போகின்றன.
இரண்டாம் சுற்றில் நெஞ்சுக்கு.
நான்காவதில் நெஞ்சுக்கு.
ஏழாவதில், விழுந்து எழுந்து எறிந்ததும்கூட
நெஞ்சுக்கே போய்த் தொலைகிறது.
ஒரு கோட் ஸ்டாண்டுகூட இதைப் பிடிக்கும்.
மட்டையில் அவன் நாலுக்குப் பூஜ்யம்.
ரொட்டி வேன்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒன்பதாவது சுற்று. ஒரு ஓட்டம்தான் முன்னால் இருக்கிறோம்.
இரண்டு பேர் அவுட்.
பந்து துள்ளி என் கையுறைக்குள் வருகிறது,
ஓடுகிறவன் பாதி தூரத்தில்,
எனக்கு நேரம் இருக்கிறது, தேவைக்கு மேல் இருக்கிறது,
தையலில் விரல்கள் தாமாகச் சரியாக உட்காருகின்றன.

அங்கே கோஸ்கி
காலை ஊன்றி
உடம்பை முழுக்க நீட்டிவிட்டான்
நான் எங்கே எறிந்தாலும்.