இரண்டாம் பரிசு

மும்முனை மின்சாரம் இந்த வாரம் ராமுறை.
பதினொன்றரைக்கு
வெண்ணாற்றங்கரை போர்செட்டுகள் எல்லாம்
இருமிக்கொண்டு எழும்போது
என் கடைசல் எந்திரமும் எழுகிறது.
அவர்களுக்குத் தண்ணீர். எனக்குச் சீவல்.

பக்கிரிசாமி கணக்கைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.
முதல் பரிசு தஞ்சாவூரில் வாங்கியாயிற்று:
இரண்டடி உயரம், தங்கக் கலர், பிளாஸ்டிக்.
மிச்சம் எழுநூறு ரூபாய்.
"ரெண்டாவதுக்கு நீயே மரத்துல ஏதாச்சும் பண்ணிக் குடு.
கோப்பை மாதிரி இருந்தாப் போதும்.
யாரு அதுல குடிக்கப் போறா?"

மரம் கிடந்தது.
நீடாமங்கலம் கேட்டுக்கு இந்தப் பக்கம்
ரோட்டை அகலமாக்கியபோது சாய்த்த பூவரசு.
ஓரமெல்லாம் வெளுப்பு,
நடுவில் நாவல்பழம் தின்ற நாக்கு.
உருட்டி முடிக்குமுன் உளி கிணீரென்றது.
ஆணி.
எந்தக் கட்சியோ, எந்த டியூஷன் சென்டரோ
தகரத்தை அறைந்துவிட்டுப் போயிருக்கிறது.
மரம் அதைச் சுற்றிச் சதை வளர்த்து
விழுங்கிவிட்டு நின்றிருக்கிறது.
ஆணி வந்துவிட்டது. கருநீலமாய் ஒரு கறை
வரமாட்டேன் என்றது.

கோப்பைக்கு வயிறுதான் முதலில்.
தண்டு இன்னும் தடியாய் இருக்கும்போதே
குடைந்துவிட வேண்டும்,
தண்டை முந்தி மெலித்தால் உதறும்.
வளை உளி போகப் போகச் சத்தம் மாறும்:
முதலில் அரிசி புடைப்பது போல,
பிறகு பக்கத்து அறையில் யாரோ
வட்டிக்காரன் பேரைச் சொல்வது போல.
அங்கே நிறுத்தணும்.
செல்போன் டார்ச்சை உள்ளே கவிழ்த்தேன்.
சுவரெல்லாம் செம்பழுப்பாய் வெளிச்சம் கசிந்தது,
கறை இருந்த இடம் தவிர.

கடைசலில் கடைசி, தண்டு.
சுண்டுவிரல் மொத்தத்துக்கு இறக்கினேன்.
இறக்கும் வழியில் ஒரு வளையத்தை விட்டுவைத்து
இரண்டு பக்கமும் அடியில் உளியை நுழைத்து
இன்னும் நுழைத்து
டக்.
விடுபட்டது. தண்டிலேயே தனியாகச் சுற்றியது,
ஒட்டுமில்லை, கழற்றவும் வழியில்லை.
எழுநூறு ரூபாய்க்கு இது அதிகம்தான்.

நெல்மூட்டை கூட்ஸுக்காகக் கேட் போட்டிருந்தார்கள்.
இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர்
வாசலில் நின்று கேட்டார்:
"கோயிலுக்கா?"
"கேரம் போர்டுக்கு."
"ஜெயிச்சவங்களுக்கா?"
"தோத்தவங்களுக்கு."
ஒற்றை விரலால் வளையத்தைச் சுழற்றிப் பார்த்தார்.
கேட் திறந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை
சுழற்றிக்கொண்டே இருந்தார்.

ஓடும் மரத்தில் அரக்கை வைத்தேன்,
தாழை மடலால் இழுத்து மினுக்கினேன்.
விடியுமுன் மின்சாரம் போனது.
இருட்டில் கையால் தடவித்தான்
முடிந்ததென்று தெரிந்துகொண்டேன்.

ஒன்று சொல்லாமல் விட்டேன்.
ஆட்டக்காரர் பட்டியலில் பதினாறாவது பெயர் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை, ஃபைனல்.
எதிரே பொதக்குடி நைனா முகமது,
காலையிலிருந்து ஒரு காய் தவறவிடாத கை.
மூன்றாவது போர்டு, ஆளுக்கு ஒரே காய் பாக்கி,
நடுவில் சிவப்பு.
அவர் முறை. எழுந்தார்.
மேடைக்குப் போய், தங்கக் கலரை நகர்த்திவிட்டு
மரத்தை எடுத்தார்.
வளையத்தைச் சுழற்றினார். கறையைக்
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
இருந்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து
உட்கார்ந்து
அடித்தார்.

பச்சைப்பிள்ளை போடும் சிவப்பு அது.
பாக்கெட் உதட்டில் தொங்கிக்கொண்டு நிற்கிறது.
கூட்டம் உச் கொட்டியது.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் விரலில் ஒட்டிய பவுடரை
மிகுந்த கவனத்தோடு ஊதிக்கொண்டிருந்தார்.

"போடு, போடு" என்கிறார் பக்கிரிசாமி.
ஊதினாலே விழும்.
அப்புறம் ஃபாலோ, அதுவும் நேர்கோடு.

ஸ்டிரைக்கரை வைக்கிறேன்.
கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்.