நூற்றெண்பது கிலோ

மதுரையில் பழசாக வாங்கியபோது பதினான்காயிரம்.
சிவப்பு, பளபளப்பு, கல்யாண மேடைக்கு எடுப்பு
என்றான் விற்றவன்.
சத்தத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

தங்கச்சிமடத்துக்கு வந்த மூன்றாம் மாதம்
திருகாணியெல்லாம் துரு.
சிம்பலை அடித்தால்
சோற்றுப்பானை மூடி சிமெண்டுத் தரையில் விழுந்து
சுழன்று சுழன்று அடங்கும்.
ஸ்நேர் கம்பியின் கயிறு அறுந்த அன்று
அண்ணன் வலையிலிருந்து தங்கூசி உருவிக் கட்டினேன்.
பேஸ் டிரம்முக்குள் கிழிந்த வலையும் ஒரு பழைய நைட்டியும்.
அது ஒன்றுதான் ஒழுங்காக உதைத்தது.

மண்டபம் நண்டுக் கம்பெனியில் சதை உரிக்கிறேன்.
கிலோவுக்கு ஐம்பது. நாளைக்கு ஐந்து கிலோ,
ஓடு விரலைக் கிழிக்காவிட்டால்.
எனக்கு எல்லா விலையும் கிலோவில்தான் தெரியும்.
தோல் ஒரு செட், இருபத்தெட்டு.
நல்ல சிம்பல் ஒன்று, நூற்றெண்பது.
கடைக் கண்ணாடிக்குள் நின்ற கறுப்பு டிரம்செட்,
மேப்பிள் மரமாம்,
ஆயிரத்து நானூறு.
சாப்பிடாமல், சீட்டுக் கட்டாமல் இருநூற்றெண்பது நாள்.
தடைக்காலம் அறுபத்தொன்றைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"செத்த கழுதைக்கு லாடம் எதுக்கு? செட்டையே மாத்து"
என்றான் வேதாளையிலிருந்து கிட்டாரோடு வரும் சீனி அசனுதீன்.
"தோலை மாத்து போதும். மரத்த யாரு பாக்கா?"
இது கீபோர்டு ரெக்ஸ்லின்.
அவன் கிட்டார் மலேசியா மாமா கொடுத்தது.
இவன் கீபோர்டு கோயிலுடையது.
காசு கொடுத்தவள் நான் ஒருத்திதான்,
அதனால் இருவருக்கும் அபிப்பிராயம் நிறைய.

தோல் மாற்றினேன்.
சாவி தொலைந்து போய் குறடால் முறுக்கி
ராத்திரி பதினொன்றரைக்கு
இரண்டு டாமும் முதன்முறையாக
இரண்டு பேராகப் பேசின.
அவ்வளவு நாளும் ஒரே ஆள்தான் இருமிக்கொண்டிருந்தான்.

வந்தது வினை.
டாம் தெளிந்ததும் சிம்பலைக் காது பொறுக்கவில்லை.
சிம்பல் வாங்கினேன்.
திருவிழாவில் முதல் அடிக்கு
அசனுதீன் கிட்டாரை விட்டுத் திரும்பிப் பார்த்தான்.
மூன்றாவது பாட்டில் ஸ்டாண்டு
கனம் தாங்காமல் கால் மடக்கி உட்கார்ந்தது.
நல்லது ஒன்று வீட்டுக்குள் வந்தால்
மற்றதெல்லாம் அம்பலம்.

உடைந்த மரையோடு லேத்துக்குப் போனேன்.
"எந்த போட்டுக்கு?"
"போட்டு இல்ல, டிரம்மு."
கார்மேகம் என்னைப் பார்த்தார், சாமானைப் பார்த்தார்,
பித்தளையில் கடைந்து கொடுத்தார். அறுபது ரூபாய்.
அந்த ஒரு மரை மட்டும் இன்றுவரை துருவேறவில்லை.
உப்புக் காற்றுக்கு விலைப்பட்டியல் தெரியாது,
மேப்பிளையும் அது நக்கித்தான் பார்க்கும்.

ஆனாலும் போன ஞாயிறு
சிம்பலை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு
மதுரைக் கடைக்குப் போனேன்.
அந்தக் கறுப்பு செட்டின் மேல் மாட்டி
அடிக்கலாமா என்றேன். அடி என்றான்.
அடித்தேன்.
பேஸ் டிரம் என் முழங்கால் வழியாக ஏறி
தொண்டையில் நின்றது.
சிம்பல் அங்கே புதிதாய்ப் போனது போலில்லை,
மாமியார் வீட்டில் முதல் நாளே
அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டது.
அப்போதுதான் புரிந்தது,
தோலுக்குக் கொடுத்தது சிவப்போடு போய்விடும்.
இது என்னோடு வரும்.

கழற்றிச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.
பாம்பன் பாலத்தில் ஜன்னல் காற்று
சாக்குக்குள் புகுந்து மடியில் லேசாக முனகியது.
உச்சிப்புளியில் ஏறிய பக்கத்து சீட்டு அக்கா கேட்டாள்,
"தாம்பாளமா?"
ஆமா என்றேன்.
"என்ன விலை?"
"நூத்தியெண்பது கிலோ."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள்.
பிறகு கூடையைக் காலுக்கடியில் தள்ளி
சாக்கு நசுங்காமல்
கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.