குதிரைக் கணக்கு

தொண்ணூற்றைந்து குதிரையோடு
கப்பலேறி வந்த வண்டி.
அறுபத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி.பி.
பச்சைப் பெயிண்ட், கம்பிச் சக்கரம்.
சிரம்பானில் உருளை மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தால்
ஐம்பத்தொன்றுதான் கனைத்தது.

"நூறு வேணும் அண்ணே" என்றார் யோகமலர்.
பகாவ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பல் டாக்டர்.
கடைவாய்ப் பல்லுக்கு விலை சொல்லும் அதே குரல்.

நரியைப் பரியாக்கத் தெரியாது டாக்டர்,
இருந்த பரி எங்கே போச்சுன்னு
மொதல்ல பாப்போம் என்றேன்.

மூன்றாம் சிலிண்டரில்
ரிங் தேய்ந்த சந்து வழியே எண்ணெய்க்குள் இறங்கி
ஏழெட்டு செத்திருந்தன.
வால்வு இருக்கையில் கரி அடைத்து
மூச்சு முட்டி நான்கு.
சைலன்சருக்குள் எலிக்கூடு,
செம்பனை நாரும் கிழிந்த நாலு நம்பர் சீட்டும்.
அதில் இரண்டு.
மீதியை வயசு தின்றது என்று எழுதிக்கொண்டேன்.
வண்டிக்கு வயசு கிடையாது,
பார்க்காமல் விட்டவன்தான் உண்டு.
தெரிந்தேதான் எழுதினேன்.

ஹெட்டை ஒரு மில்லி இழைத்தேன்.
காற்று வரும் துளைகளை
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி
வழவழப்பாக்கினேன்.
புது கேம்ஷாஃப்ட். கொம்பு வைத்த வெபர் கார்புரேட்டர்.
எட்டாயிரத்து நானூறு வெள்ளி.
எத்தனை வாய் திறக்க வேண்டுமென்று
டாக்டர் மனசுக்குள் கூட்டியிருப்பார்.

மறுபடி சிரம்பான். மறுபடி உருளை.
அறுபத்தெட்டு.

மெஷின் ஓட்டும் ஆ கியோங்
தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கேட்காமலே ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் புக்கிட் புத்துஸ் ஏற்றம்.
குலை ஏற்றிய லோரியைத் தாண்டப் போய்
முடியாமல்
அதன் பின்னாலேயே பதுங்கினோம்.
உதிரிப்பழம் ஒன்று விழுந்து
பானெட்டில் டங் என்றது.
டாக்டர் எதுவும் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

அன்று ராத்திரி பட்டறையில்
ரஃபிக்கைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு
கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தேன்.
முதல் நாளே அடித்திருக்க வேண்டிய டார்ச்.
தட்டு பாதியில் நின்றது.
"முழுசா மிதிடா."
"முழுசாத்தான் பாய்."

கால்மிதியைப் பிடுங்கினேன்.
பெடலுக்கு அடியில்
ரப்பர் மரத்துண்டு, தீப்பெட்டி அளவு,
இரண்டு திருகாணி.
ஒன்று நீளம் அதிகமாகி
அரத்தால் ராவிக் குட்டையாக்கியது.
அந்த ராவலை எனக்குத் தெரியும்.
கோணலாக ராவுகிறேன் என்று
தவுக்கே ஹூ என் மண்டையில் குட்டுவார்.

எண்பத்தொன்பது. எனக்குப் பத்தொன்பது.
மேனேஜர் குருப் பெரட்டுக்குப் போன நேரம் பார்த்து
குடை பிடித்து வந்தார் அவர் மனைவி.
வேகம் குறையணும். அவருக்குத் தெரியக் கூடாது.
திருகி முடிக்கும் வரை
பக்கத்திலேயே நின்றார்.
ஐந்து வெள்ளி கொடுத்தார்.

அப்புறம் இருபது வருஷம்
எஞ்சின் வீக், எஞ்சின் வீக் என்று
குருப் பிளக் மாற்றினார், பெட்ரோல் மாற்றினார்,
என்னிடமே கொண்டுவந்து நிறுத்தினார்.
நானும் பானெட்டைத் திறந்து
தலையைச் சொறிந்தேன்.
பொய் இல்லை, அதற்குள் மறந்துவிட்டிருந்தேன்.
எண்பத்தொரு வயசில்
கட்டிலில் படுத்தபடிதான் போனார்.

திருகாணி இரண்டையும் கழற்றினேன்.
தொண்ணூற்றேழு.
"மீதி மூணு எங்கே அண்ணே?"
"அது சேஞ்சுக்கு, டாக்டர்."
பில்லின் கடைசி வரியில்
பெடல் வேலை என்று எழுதி
ஐந்து வெள்ளி கழித்தேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.

இப்போது சாயங்காலம் ரொம்பின் சாலையில்
மூணாங்கட்டைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்கும்.
அங்கேதான் குருப் அம்மா வீடு.
ஜன்னல் சாத்துவாரா, திறப்பாரா,
போய்ப் பார்த்ததில்லை.

கட்டை மேசை டிராயரில் கிடக்கிறது.
போன மாசம் என் மகன்
பழைய ஆர்.எக்ஸ்.ஸெட் ஒன்று வாங்கி வந்தான்.
ராத்திரி எடுத்துப்போய்
வைத்து வைத்துப் பார்த்தேன்.
அதற்குப் பெடல் இல்லை,
முறுக்குகிற பிடிதான்.
பொருந்தவில்லை.