மே மாதப் பதிவேடு

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்
பசிக்கும் லீவு என்று
எப்போதோ யாரோ எழுதி வைத்துவிட்டார்கள்.
இந்த வருஷம் எங்கள் மகளிர் குழு
அதை அடித்துத் திருத்தியது.
பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை,
மே முழுக்க, மதியம் ஒரு வேளை.
சத்துணவுக்கூடச் சாவி என்னிடம்.

முதல் நாள் நாற்பது பேருக்கு உலை வைத்தேன்.
வந்தது ஒன்பது.
அதில் ஆறு, வயதைக் கூட்டிச் சொன்ன வாண்டுகள்.
மிஞ்சிய முருங்கைக்கீரையைத் தொட்டியில் கொட்டினேன்.
மாடு முகம் சுளிக்காமல் தின்றது.

பெரிய பிள்ளைகள் எங்கே என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
புதுவயல் ரோட்டுப் பெட்டிக்கடையில்
சரம் சரமாய்த் தொங்கும்
பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளுக்கு அடியில்.
பாதி காற்று, மீதி உப்பு.
கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று, பாட்டிலில்.
முகேஷ்வரன் என்னைக் கண்டதும்
பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.
சினேகப்பிரியா கொண்டுபோகவில்லை.
போன மாதம் நர்ஸ் அவள் விரலைக் குத்திப் பார்த்து
எட்டுப் புள்ளி இரண்டு என்று எழுதினாள்.
ஊரணிப் படியில் குடத்தோடு ஏறினால்
அவளுக்குக் கண் இருட்டும்.

"ஏன் வரலை?"
"தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணும்ல."

அவ்வளவுதான்.
இரும்புச்சத்து பற்றி நான் எழுதி ஒட்டிய அட்டைக்கு
இதற்குப் பதில் தெரியாது.
இந்த வயதில் வயிறு
முகத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு கல்யாணம்.
பாத்திரம் கழுவ நாலு பேர் போனோம்.
இரண்டாம் கட்டில் பந்தி.
வாளியோடு முகேஷ்வரன்,
இடுப்பில் துண்டு, கூலி நானூற்று ஐம்பது.
"மண்டி? மண்டி? இன்னுங் கொஞ்சம்?"
இலைக்கு இலை குனிந்தான்.
அந்தக் குனிவில் வெட்கம் இல்லை.
வாளி பிடித்த கை வேறு கை.

திங்கட்கிழமை தட்டுகளை பீரோவில் பூட்டினேன்.
குழுத்தலைவி கொல்லையில் இலை அறுத்தேன்.
அவன் வீட்டு வாசலில் வாளியை வைத்து
"பரிமாற ஆள் இல்லை, கூலி தர வழியும் இல்லை" என்றேன்.
பதில் இல்லை.
பன்னிரண்டரைக்கு வந்தான்.
வந்தவன் சட்டியைத் திறந்து முகர்ந்தான்.

"இத யாருக்கா திம்பா?"

சோம்பு கேட்டான். சின்ன வெங்காயம் கேட்டான்.
அரிசி கழுவிய தண்ணீரை
நான் கொட்டப்போன கையைப் பிடித்தான்.
வெண்டைக்காயும் மொச்சையும் போட்டு
அதிலேயே மண்டி வைத்தான்,
புளி ஒரு பிடி தூக்கலாக.
கீரை குறையக்கூடாது என்பது மட்டும் என் சட்டம்.

சினேகப்பிரியா இலைமுன் உட்கார்ந்தாள்.
"கீரை? கீரை?" என்று அவன் குனிந்தபோது
சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி
உள்ளங்கையால் இலையை மறித்தாள்.
பிறகு கையை எடுத்தாள்.

பதினேழு. இருபத்து மூன்று. முப்பத்தொன்று.
ஒரு நாள் பன்னிரண்டு;
முந்திரித் தோப்பில் அன்று ஆள் எடுத்தார்கள்.
ஒரு நாள் ஐந்து;
ஏதோ ஷூட்டிங் வேன் வந்திருந்தது.
பெட்டிக்கடைச் சரம் நீளம் குறைந்ததா என்று
போகும்போதெல்லாம் பார்ப்பேன்.
குறைந்த மாதிரியும் இருக்கும்.

இருபத்தாறாம் தேதி தட்டாம்பயறுச் சுண்டல்.
யோகேந்திரன் சட்டைக்குள்ளிருந்து பாக்கெட்டை எடுத்து
நொறுக்கி, சுண்டல்மேல் தூவினான்.
பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது.
நான் பதிவேட்டைத் திறந்தேன்.
சுண்டல்: மிச்சம் இல்லை.
பாக்கெட்டுக்கு அதில் கட்டம் கிடையாது.

கடைசி நாள்.
அண்டாவைக் கவிழ்த்து, கரி துடைத்து,
அரை மூட்டை அரிசிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
சினேகப்பிரியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த மே எனக்குப் பதினெட்டு ஆயிரும்க்கா.
கொஞ்சம் கொறச்சு எழுதிக்கிறீங்களா?"