இடது கால் ஸ்கீ

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
பேக்கரியின் பின்கதவைத் தள்ளினேன்.
அசையவில்லை.
தோளைக் கொடுத்து முட்டியபோது
முழங்கால் உயரத்துக்கு
வெளியே நின்றுகொண்டிருந்தது பனி.

கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவவில்லை.
தூக்கத்தை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு
இரண்டு சூடான ரொட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
மலைக்குப் போனேன்.

மலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
வரைபடத்தில் கட்டைவிரல் வைத்தால் மறைந்துபோகும்.
ஒரே ஒரு லிஃப்ட்.
அதுவும் ஆளைத் தூக்காது, இழுக்கும்.
கம்பியில் தொங்கும் கொக்கியில்
இரண்டு பேர் பின்தொடையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.
நங்கூரம் என்போம் அதை,
கடல் பார்க்க இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டும் நாங்கள்.

பள்ளிக்கூடம் லீவு.
வரிசையில் முதல் ஆள் கணக்கு வாத்தியார்.
"ஜோடி ஜோடியாக! ஒற்றை ஆளுக்கு நங்கூரம் கிடையாது!"
டிக்கெட் கூண்டிலிருந்து கத்துகிறாள் நேஷா.
என் பக்கத்தில் வந்து நின்ற தோள்
யெர்னேயுடையது.

பக்கத்து வீடு.
நாலு வருஷமாகப் பேச்சு இல்லை.
அவன் வேலி ஒரு முழம் நகர்ந்தது என்று நான்,
என் ஆப்பிள் மரம் சாய்ந்தது என்று அவன்.
லுப்லியானா வரை போய் வக்கீலுக்குக் கொட்டிய காசில்
ஆளுக்கொரு புது ஸ்கீ வாங்கியிருக்கலாம்.

ஒன்பது நிமிடம்.
இடுப்போடு இடுப்பு உரச.
ஒருவர் விலகினால் இருவரும் விழ வேண்டும்.
அவன் இடப்பக்க மரங்களை எண்ணினான்,
நான் வலப்பக்கத்தை.
எங்களுக்கும் சேர்த்துக்
கிரீச்சிட்டுக்கொண்டே வந்தது கம்பி.

உச்சியில் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பிறகு
சத்தமே இல்லை.
கால் எங்கே இருக்கிறது, தெரியவில்லை.
திரும்ப நினைப்பதற்குள் திரும்பியிருந்தேன்.
ராத்திரி முழுக்கச் சலித்த மாவு மாதிரி
தொடைவரை எழும்பி முகத்தில் விழுந்தது.
இதை யாரும் பிசைய வேண்டாம்.
வேக வைக்க வேண்டாம்.
நாலு மணிக்குள் முடிக்க வேண்டாம்.
சிரித்தேன் போலிருக்கிறது,
பல்லெல்லாம் பனி.

ஏழாவது திருப்பத்தில்
மூடிக் கிடந்த பீச் மரத்தின் அடிக்கட்டை.
ஆகாயம் ஒரு தடவை கீழே வந்துபோனது.
எழுந்தபோது
வலது காலில் ஸ்கீ இருந்தது.

தபால்கார ஸ்டெங்கா வந்தாள்.
பெயர் தெரியாத இரண்டு பையன்கள் வந்தார்கள்.
வாத்தியார் வந்து சாய்வுக் கோணம் சொன்னார்.
உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்களாய்
வரிசையாகக் குனிந்து
கோலால் குத்திக் குத்திப் பார்த்தோம்.
அரை மணி நேரம்.
புதுப்பனி காலை ஒன்றை வீணாக்குகிறேனே என்று
ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.
ஒரு ரொட்டி அவர்களோடு தீர்ந்தது.

மேலிருந்து வந்து நின்றான் யெர்னே.
ஒன்றும் கேட்கவில்லை.
பக்கவாட்டில் படியேறி,
நாங்கள் தோண்டிய இடத்துக்குப் பத்தடி மேலே போய்
கோலை இறக்கினான்.
டொக்.

"உருண்டு வந்தது நீ.
ஸ்கீ எதற்குக் கூட வரும்?"

நாலு வருஷத்தில் முதல் வாக்கியம்.
அதிலும் ஒரு குத்தல்.

மிச்சமிருந்த ரொட்டி கோட்டுக்குள் நசுங்கியிருந்தது.
நீட்டினேன்.
"உப்புக் குறைவு" என்றான்,
முழுதும் தின்று முடித்துவிட்டு.

அன்றைக்குப் பதினோரு தடவை ஏறினேன்.
அதில் மூன்று தடவை ஒரே நங்கூரம்.
மெழுகு பற்றிப் பேசினோம்,
அவன் முழங்கால் அறுவைச் சிகிச்சை பற்றி,
நேஷாவின் குரல் பற்றி.
வேலியின் பெயரை எடுக்கவில்லை இருவரும்.

சாயங்காலம் மறுபடி கொட்டத் தொடங்கியது.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
வேலி இல்லை, மரத்தடி இல்லை, முற்றம் இல்லை.
தன் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன்
நிற்காமல்
என் பக்கம் இரண்டு வீச்சு வந்தான்.
தெரிந்து வந்தானா, தெரியாமலா?
ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு மணிக்கு மாவு பிசைய வேண்டும்.
இன்றைக்கு உப்பு ஒரு சிட்டிகை கூடப் போடலாமா?

மாட்டேன்.
அவன் சொல்லி நான் போடுவதா.