ஒன்றுக்கு அறுபத்து நான்கு

பொம்மை லாரியைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
வயிற்றில் 1:64 என்று அச்சு.
ஐந்து ரோடு ரவுண்டானா தாண்டி ஒரு கடை,
நூற்றிருபது ரூபாய்.
ஆய கலைகளும் அறுபத்து நான்குதான்,
இது அந்தக் கணக்கில் வராது என்றாள்
அறைத்தோழி இர்ஃபானா.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஆறாம் வழி.
எட்டு மணி நேரம் கண்ணாடிக்குள் இருப்பவள் நான்.
ஓட்டுநர்களின் முழங்கைகளை நன்றாகத் தெரியும்,
முகங்கள் அவ்வளவாக இல்லை.
அந்த இடத்தை ஒருதரமாவது
மேலேயிருந்து பார்க்க ஆசை.
வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

முதலில் கணக்கு.
நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் நான்,
வகுத்தால் இரண்டரை.
கூரை ஆறு மீட்டர், வகுத்தால் ஒன்பது சொச்சம்.
பின்னால் சையத் பாஷா மலையும் வேண்டுமென்று
அதையும் வகுத்தேன்:
சீலிங்கைப் பொத்துக்கொண்டு
மாடிக்காரர் குளியலறையில் போய் நின்றது உச்சி.
ஆகவே மலையின் கட்டைவிரல் மட்டும்.
வழிகளில் ஐந்தும் ஆறும் மட்டும்.
இவ்வளவையும் தள்ளிய பிறகுதான்
பிளைவுட் துண்டில் இடம் கிடைத்தது.

மாம்பழக்கூழ் ஆலையின் அட்டைப்பெட்டி,
சவரக்கத்தி, நகவெட்டி, பழைய ஸ்கேல்.
சாவடிச் சுவரை நான்கு முறை வெட்டினேன்,
நான்கிலும் கதவு வைக்க மறந்தேன்.
ஐந்தாவதில் கதவு இருக்கிறது,
உள்ளே போகத்தான் யாருமில்லை.

மலையைத் தெர்மாகோலில் செதுக்கி
ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன்.
கண்ணெதிரே இளகி, குழிந்து,
சொத்தைப் பல்லாகிப்போனது.
ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து முதலில் பூச வேண்டுமாம்.
பிறகுதான் தெரிந்தது.
இரண்டாவது மலைக்கு
கிரானைட் பட்டறைத் திம்மராயன்
ரம்பத்தின் அடியில் வழித்த தூளைப் பொட்டலம் கட்டித் தந்தார்.
"எதுக்கு, பல்லு வெளக்கவா?"
மலைக்கு மலையையே பூசினேன். பிடித்துக்கொண்டது.

சாலைக்கு உப்புத்தாள்.
ஓரத்து மண்ணுக்குக் குடித்து முடித்த டீத்தூள்.
காயவைத்தேன், கழுவ மறந்தேன்.
மறுநாள் காலை ஐந்தாம் வழியில்
கட்டெறும்பு ஒன்று நடந்துபோனது.
ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பெருக்கினேன்,
அறுபத்து நான்கு.
எங்கள் சாவடியில் திரியும் செவலை நாய்
ஏறக்குறைய அதே நீளம்.
நாய் செய்வதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.
வரட்டும், போகட்டும், அதற்குக் கட்டணமில்லை.

என்னைச் செய்தது கடைசியில்.
எம்-சீலை உருட்டி, குண்டூசி முனையால் கண்.
மூன்று முறை மூக்கு விழுந்தது.
சீருடையில் பெயர்ப்பட்டை வைத்தேன்,
அதில் எழுத எந்தப் பேனாவும் மெலிதாக இல்லை.
ஒரு வெள்ளைப் புள்ளியோடு நிறுத்தினேன்.
ஷிஃப்ட் மேலாளர் என்னை "ஆறு" என்றுதான் கூப்பிடுவார்,
அதற்குப் புள்ளியே மேல்.

தடுப்புக்கட்டை ஒரு பல்குச்சி.
சிவப்பு, வெள்ளை, சிவப்பு.
பசை காயும்வரை பிடித்திருந்தேன்,
இர்ஃபானா கூப்பிட்டாள், திரும்பினேன்,
நிமிர்ந்தபடியே ஒட்டிக்கொண்டது.
இறக்கினால் முறியும்.
இருக்கட்டும் என்று
லாரியை அதற்கடியில் உருட்டிப் பார்த்தேன்.
ஒருதரம் இல்லை, ஏழெட்டுத் தரம்.

இன்று இரவுப் பணி.
தர்மபுரிப் பக்கமிருந்து தக்காளி லாரி,
சன்னலில் ஒரு முழங்கை, தழும்பேறி,
கரியும் மஞ்சளும் குழைத்த பழுப்பு.
வகுத்தால் ஐந்து மில்லிமீட்டர்.
செம்புக் கம்பிதான் சரி,
வெயில் படும் பக்கம் மட்டும் இன்னொரு பூச்சு...
"என்னம்மா, ஃபாஸ்டாக் படிக்கலையா?"
"படிச்சிடுச்சு" என்றேன்.
பொத்தானை அழுத்த, கட்டை நிமிர்ந்தது.