மாற்றியதற்கான காரணம்

ஏ போட்டி என்று வாங்கவில்லை,
தகரம் என்று வாங்கினேன், கிலோக் கணக்கில்.
பின்சீற்றில் ஆடுகள் இரண்டு படுத்திருந்தன.
ஒன்று இறங்கமாட்டேன் என்றது.
எஞ்சின் இருந்த இடத்தில் குப்பைமேனி
இடுப்பளவு, பூத்து.

சீட்டுக்காசு ஒரு லட்சத்து எண்பது.
லீசிங்காரர் பளபளத்த தாளில் காட்டிய காருக்கு
முற்பணத்தின் வாலுக்கும் காணாது.

விசுவமடுக் கில்பேட் கதவைத் தட்டிப் பார்த்தான்,
வத்தகப்பழம் பார்ப்பது போல,
காதை வைத்து.
"பொடி பரவாயில்லை அக்கா.
முழங்கை வைக்கிற இடத்தில மட்டும் கறள்."

கனகராயன்குளத்தில் மாடு குறுக்கே வந்து
டவுன்ஏஸ் வான் ஒன்று வயலுக்குள் படுத்தது.
மாட்டுக்கு ஒன்றுமில்லை.
வானுக்கு முகம் போனது, எஞ்சின் தப்பியது,
எஞ்சினோடு ஒட்டியபடி ஓட்டோ கியர்பெட்டியும்.
எழுபத்தையாயிரம்.
பேசிப் பேசி, தேத்தண்ணி குடித்து, அறுபத்தெட்டு.

"அது லண்டன், இது ஜப்பான்" என்றான் கில்பேட்,
"சம்பந்தம் லேசில சரிவராது."
சாத்திரி இல்லாமல் பொருத்தம் பார்த்தோம்.
கலப்பைத் தகட்டை வெட்டி எஞ்சினுக்குக் காதுகள்.
மாருதி ஒன்றின் ரேடியேற்றர்.
புரொப்பெல்லர் சாஃப்ற் நாலு அங்குலம் கூட;
வவுனியா லேத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன்.
கொண்டக்ரர் அதற்கும் ரிக்கெற் கிழித்தான்,
அரை ரிக்கெற்.

முன்தகட்டில் கேபிள் போகத் துளை வேண்டும் என்று
ட்ரில்லோடு குனிந்தவன் நிமிர்ந்தான்.
துளை ஏற்கெனவே இருந்தது.
சுண்டுவிரல் நுழையும் அளவு,
ஓரம் உட்பக்கமாய் மடங்கி.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.
ரப்பர் வளையம் ஒன்று மாட்டி
அக்சிலேற்றர் கேபிளை அதற்குள்ளால் விட்டான்.

பெயின்ற், முல்லைத்தீவில்
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம்.
டிக்கி வரைக்கும் எட்டவில்லை.
டிக்கி அதனால் பச்சை.

கடைசியாக, கிளட்ச் மிதி இருந்த ஓட்டையில்
தகரம் வைத்து ஒட்டினான்.
ஒளி அடங்கும்வரை
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

கிளிநொச்சிக் கந்தோரில் படிவம்.
பழைய எஞ்சின் இலக்கம்.
புதிய எஞ்சின் இலக்கம்.
மாற்றியதற்கான காரணம்: நீளமாய் ஒரு கோடு, அதன்மேல் வெறுமை.
"ஆர் தவமலர்? காரணம் எழுதேல்லை."
மேசையில் கிடந்த அவரது பேனையை எடுத்து
பாவாடைக்கு மேலால்
இடது முழங்காலுக்குக் கீழே தட்டினேன்.
டொக். டொக்.
வரிசையில் யாரோ இருமலைப் பாதியில் விழுங்கினார்.
அவர் பேனையைத் திரும்ப வாங்கினார்.
மூடியைத் திறந்தார். அழகான எழுத்து அவருக்கு:
பழைய எஞ்சின் பழுதடைந்தமை.

இப்போது பின்னால் கோழித்தீன், ஏழு மூட்டை.
வலது கால் மிதிக்கிறது,
மற்றது பயணி மாதிரிச் சும்மா வருகிறது.
மீற்றர் முள் எந்த வேகத்திலும் நாற்பது மைல்தான்.
சில நேரம் நம்புகிறேன்.

நேற்று தருமபுரத்தில் கொதித்து நின்றுவிட்டது.
மதிலில் இருந்த பெடியள் நாலு பேர் ஓடிவந்தார்கள்.
"அக்கா, செக்கண்டில போட்டிட்டு இருங்கோ!"
ஓட்டோ கியரை ஊரே கூடித் தள்ளினாலும் ஸ்ராட் வராது.
சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கார் அசைந்தது.
சத்தமே இல்லாமல், வாய்க்காலில் விட்ட தோணியாய்.
கண்ணாடி போடாத யன்னலால் காற்று.
தந்திக் கம்பங்கள் ஒன்று, இரண்டு, மூன்று.
பின்னால் மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு.
நியூற்றலில் விட்டு
ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"இன்னும் கொஞ்சம், தம்பிமார்" என்றேன்,
"வரும்போல கிடக்கு."